காலிக் கூடை சொன்ன சேதி

பொத்தானுடைய வீட்டுச் சலவைக்கடையில் யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை. ஆனால் தெருவில் போகிறவர்களிடம் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உள்ளே ஏதோ பெரிய தகராறு என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவ்வளவு கத்தல்.

அந்த வீட்டில் சேதி சொல்லிக்கொள்கிற முறையே அதுதான், பாவம்.

வீட்டின் கீழே இருந்த நீளமான ஒரே அறைதான் கடை. பின்பக்கக் கோடியில் அம்மா. துவைக்கிற மெஷின்களும் உலர்த்துகிற மெஷினும் அங்கே இருந்தன. வாசல் பக்கம் அப்பா. வருகிற துணியை வாங்கி உள்ளே அனுப்புவதும், தேய்த்து வந்ததை மடித்துக் கட்டிக் கொடுப்பதும் அவர் வேலை. இருவருக்கும் நடுவில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. அவர் கையில் இஸ்திரிப் பெட்டி.

மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நின்று பேசினாலே காதில் விழாது. அதனால் அப்பா வாசலிலிருந்து கத்துவார்.

"அந்த நீலச் சட்டை என்னாச்சு?"

"அப்பவே அனுப்பிட்டேனே," என்று அம்மா பின்னாலிருந்து கத்துவார்.

"அப்ப மாப்ளகிட்டதான் நிக்குதா?"

"அவன்கிட்டயே கேளுங்க."

நடுவில் நிற்கிற மாமாவுக்கு இந்தக் காதிலும் கத்தல், அந்தக் காதிலும் கத்தல். அவருடைய மேசைமேல் துணி மலையாகக் குவிந்திருக்கும். அம்மா மெஷினிலிருந்து எடுத்த துணியைக் கூடையில் கொண்டுவந்து அதன் தலையில் கொட்டிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார். வாசலிலிருந்து பார்த்தால் மாமாவின் தலைமுடி மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் தெரியும். நீலச் சட்டை அந்த மலையின் அடிவாரத்தில் எங்கேயோ கிடக்கும். பாதித் துணியைத் தேய்ப்பதற்குள் அவர் பாதி நாளைத் தேடியே கழித்துவிடுவார்.

இவ்வளவுக்கும் நடுவில் மாமா பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார். பொத்தானுக்குப் 'பொத்தான்' என்று பேர் வைத்தவரும் அவர்தான். அவள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் தரையில் விழுந்து கிடக்கிற சட்டைப் பொத்தானையெல்லாம் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வாளாம். மாமாதான் தேய்ப்பதை விட்டுவிட்டு ஓடிவந்து வாய்க்குள் விரலை விட்டு எடுப்பாராம். இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. பொத்தான்களை வாயில் போடுவதில்லை, ஒரு கண்ணாடி ஜாடியில் போடுகிறாள். பொத்தான் அறுந்த சட்டை வந்தால் ஜாடியில் தேடி, ஜோடி சேர்த்து, அவளே தைத்தும் கொடுப்பாள்.

அந்த வாரம் புதன்கிழமை அவள் ஒரு வேலை செய்தாள். அது வேலை என்று அவளைத் தவிர யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எதிர்வீட்டுப் பொடியன் ரயில் வேண்டும் என்று அடம்பிடித்தான். பொத்தான் கடையில் இருந்த கூடைகளையெல்லாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், வரிசையாக வைத்துக் கயிற்றால் கட்டி, பொடியனை முதல் பெட்டியில் உட்காரவைத்து இழுத்தாள். ரயில் மூன்று நிலையம் போய்வந்த பிறகு, கீழே ஏதோ வித்தியாசமாக இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. காது கொடுத்துக் கேட்டாள். கத்தல் இல்லை.

மெதுவாகப் படியிறங்கி எட்டிப் பார்த்தாள்.

அம்மா மாமாவின் மேசை அருகே நின்றிருந்தார். துணியை எடுத்துவரக் கூடை இல்லை. கூடை தேடி வந்தவர், சும்மா நிற்க முடியாமல் ஒவ்வொரு துணியாக எடுத்து உதறி, சுருக்கம் நீக்கி, மாமா கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமா பாடிக்கொண்டே தேய்த்தார். நடுநடுவே ஏதோ சொல்ல, அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். மலை பாதியாகக் குறைந்திருந்தது. நீலச் சட்டைகூட வெளியே வந்து அப்பாவிடம் போய்விட்டது.

அப்போது அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"கூடையெல்லாம் எங்கடி?"

பொத்தான் திருதிருவென்று முழித்தாள்.

"ரயில்ல போயிருக்கும்மா."

"நல்லா இருக்கு. ரயிலை உடனே இங்க வரச்சொல்லு."

கூடைகள் வந்தன. அம்மா பின்பக்கம் போனார். சற்று நேரத்தில் மலை பழையபடி எழும்பிவிட்டது. கத்தலும் ஆரம்பித்தது.

அன்று இரவு சாப்பிடும்போது மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அக்கா, நான் திங்கள்கிழமையிலேருந்து அந்தப் பெரிய ஹோட்டல் சலவைக்குப் போலாம்னு இருக்கேன். தங்க இடமும் தர்றாங்க."

அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏன் மாப்ள, இங்க என்ன குறை?"

"குறைன்னு ஒண்ணும் இல்ல அத்தான். கை ரெண்டுதான் இருக்கு எனக்கு. ஆளாளுக்குக் கூப்பிடறீங்க. எவ்வளவு தேய்ச்சாலும் என்னாலதான் லேட்டுன்னு ஆகுது. நாளெல்லாம் அதையே கேட்டுட்டு இருந்தா மனசு விட்டுப் போகுதில்ல?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பொத்தானுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. சாதம் போடச் சொல்கிற குரலில் சொன்னார். அதனால் அவர் நிஜமாகவே போய்விடுவார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாமா இல்லாத கடையை நினைத்துப் பார்த்தாள். தண்ணீர் குடிக்கிற மாதிரி டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அவளுடைய அண்ணன் மட்டும் உற்சாகமாக நிமிர்ந்தான். அவன் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். மாமா அவனை 'விஞ்ஞானி' என்றுதான் கூப்பிடுவார்.

"கத்தறதுதானே பிரச்சினை? அதை நான் சரிபண்றேன். ரெண்டு நாள் குடுங்க," என்றான்.

மறுநாள் பொத்தான் அவன் அறைக்குப் போனபோது கம்ப்யூட்டர் திரையில் மூன்று பெட்டிகள் வரைந்திருந்தன. ஒன்றில் 'துவை', ஒன்றில் 'தேய்', ஒன்றில் 'மடி' என்று எழுதியிருந்தது. பெட்டிகளுக்கு நடுவே ஏகப்பட்ட கோடுகள். கோடுகளின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள் எறும்பு மாதிரி ஓடின.

"இது என்னண்ணா?"

"நம்ம கடை. ஒவ்வொரு பெட்டியும் ஒரு ஆள். பெட்டிக்கு அதோட வேலை மட்டும்தான் தெரியும். இந்தக் கோட்டு வழியா வர்றதை வாங்கி, வேலையை முடிச்சு, அடுத்த கோட்டுல விடும்."

"அப்ப இந்தப் புள்ளி?"

"அதுதான் சேதி."

"ஏன் இவ்வளவு கோடு? பூனை உருட்டின நூல்கண்டு மாதிரி இருக்கு."

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாரையும் எல்லாரோடவும் இணைச்சிருக்கேன். யார் என்ன சொன்னாலும் எல்லாருக்கும் போயிடும். யாரும் கத்த வேண்டியதே இல்ல."

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று மேசைக்கும் ஒவ்வொரு பழைய போன் வந்தது. அதில் பேசினால் எழுத்தாக மாறி, 'டிங்' என்ற சத்தத்தோடு மற்ற எல்லாப் போனிலும் வந்து விழும். முதல் அரைமணி நேரம் கடையில் அப்படியொரு அமைதி. அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனான்.

பொத்தான் மாலையில் திரும்பி வந்தபோது கடை முழுக்க டிங் டிங் டிங் என்றிருந்தது.

கத்துவதற்காவது தொண்டை வலிக்கும், ஒரு கட்டத்தில் நிறுத்துவார்கள். போனில் சொல்ல என்ன வலி? அப்பா நூல் தீர்ந்துவிட்டது என்று சொன்னார், டிங். அம்மா சோப்புக்காரர் வந்தாரா என்று கேட்டார், டிங். அப்பா வரவில்லை என்றார், டிங். எல்லாமே மாமாவின் போனிலும் வந்து விழுந்தன. தனக்குத்தானோ என்று அவர் ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்த்தார். பாட்டு எப்போதோ நின்றுபோயிருந்தது. மலை மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

மாமா அப்போது தீயணைப்பு வீரர் ஒருவருடைய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெரிய மீசைக்காரர், வாரம் தவறாமல் வருகிற வாடிக்கையாளர்.

டிங்.

மாமா போனைக் கையில் எடுத்தார். கண்ணைச் சுருக்கிப் படித்தார். கல்லூரியிலிருந்து அண்ணன் அனுப்பியிருந்தான்: 'எல்லாம் நல்லா வேலை செய்யுதா?'

அவர் படித்து முடிப்பதற்குள் கருகல் வாடை வந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார். சட்டையின் முதுகில் பழுப்பாக, இஸ்திரிப் பெட்டியின் வடிவத்திலேயே ஒரு தழும்பு.

மாமா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அப்பாவும் ஓடிவந்து பார்த்தார்.

"நாளையோட முடிச்சுக்கறேன் அத்தான்," என்று சொல்லிவிட்டு மாமா மாடிக்குப் போய்விட்டார்.

அண்ணன் வந்து விஷயத்தைக் கேட்டதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னோட சேதியாலயா?"

"ஆமாண்ணா."

அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவனைத் திட்டலாம் என்றுதான் பொத்தான் வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபிறகு மனசு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மாமாவின் போனை எடுத்து அன்றைக்கு வந்த சேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"இது அம்மாவுக்கு. இது அப்பாவுக்கு. இது அம்மாவுக்கு. இது யாருக்குமே தேவையில்ல. அண்ணா, மாமாவுக்குன்னு வந்ததெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. 'அந்தத் துணி அவசரம், அதை முதல்ல தேய்.' வேற ஒண்ணுமே இல்ல."

"சரி, அதுக்கு?"

"அவசரமா இல்லையான்னு அந்தத் துணியோடயே ஒரு அடையாளம் வந்துட்டா? துணி எங்க போகுதோ அங்க சேதியும் போயிடும். தனியா எதுக்குச் சொல்லணும்?" அவள் ஜாடியிலிருந்து பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இதைக் கூடைல மாட்டிவிட்டா போதும்."

அண்ணன் அவளையே பார்த்தான். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து நூல்கண்டுக் கோடுகளையெல்லாம் அழித்தான். 'துவை'யிலிருந்து 'தேய்'க்கு ஒரு கோடு, 'தேய்'யிலிருந்து 'மடி'க்கு ஒரு கோடு, அவ்வளவுதான். புள்ளிகளை ஓடவிட்டான்.

முதலில் அழகாக ஓடின. சற்று நேரத்தில் 'தேய்' பெட்டியின் வாசலில் புள்ளிகள் சேர ஆரம்பித்தன. சேர்ந்து, குவிந்து, திரையில் பாதியை அடைத்துக்கொண்டன. அச்சு அசல் மாமாவின் மேசை. கடைசியில் கம்ப்யூட்டரே திணறி நின்றுவிட்டது.

"மாமா பெட்டியை இன்னும் வேகமா ஓடவிடணும்," என்றான் அண்ணன்.

"மாமாவுக்குக் கை ரெண்டுதான்."

"அதுவும் சரிதான். அப்ப என்னதான் பண்றது?"

பொத்தான் குவிந்து கிடந்த புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புதன்கிழமை ஞாபகம் வந்தது. மாடியில் ரயில் ஓடிய நேரத்தில் கீழே கத்தலே இல்லை. அம்மா கை ஓய்ந்து நின்ற நேரத்தில்தான் மலையும் குறைந்தது.

"அண்ணா, இந்தக் கோட்டுல ஒரு நேரத்துக்கு மூணு புள்ளிதான் நிக்கலாம்னு வைக்க முடியுமா?"

"முடியும். நாலாவது எங்க போகும்?"

"எங்கயும் போகாது. அம்மாகிட்டயே இருக்கும். கோட்டுல இடம் காலியானா வரட்டும்."

"அப்ப 'துவை' பெட்டி வேலை இல்லாம நின்னுடுமே."

"நிக்கட்டும். அன்னைக்கு அம்மா நின்னாங்களே, என்ன குறைஞ்சுபோச்சு?"

அண்ணன் அப்படியே மாற்றி ஓடவிட்டான். மூன்று புள்ளி சேர்ந்ததும் 'துவை' நின்றது. ஒன்று குறைந்ததும் மறுபடி அனுப்பியது. எங்கேயும் குவியல் இல்லை. கம்ப்யூட்டர் திணறவும் இல்லை. 'மடி' பெட்டிக்குப் போய்ச்சேர்ந்த புள்ளிகளை அவன் முன்பு வந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தான். ஒன்றுகூடக் குறையவில்லை.

"நீ விஞ்ஞானியா, நான் விஞ்ஞானியா?" என்றான் தலையைச் சொறிந்துகொண்டு.

"நீதான். வா, கூடையெல்லாம் மாடிக்குத் தூக்கணும்."

சனிக்கிழமை காலை அம்மா கீழே வந்தபோது கடையில் ஐந்து கூடைகள்தான் இருந்தன.

"மறுபடியும் ரயிலா?"

"இல்லம்மா," என்றாள் பொத்தான். "நீலத் துணி கட்டின மூணு கூடை உனக்கும் மாமாவுக்கும் நடுவுல. மஞ்சள் கட்டின ரெண்டு மாமாவுக்கும் அப்பாவுக்கும் நடுவுல. இனிமே துணியை மேசைல கொட்டக் கூடாது. கூடையோடயே வைக்கணும். மாமா முடிச்சதும் காலிக் கூடையை உன்கிட்டத் தள்ளிவிடுவார். காலிக் கூடை வந்தா, 'அனுப்பலாம்'னு அர்த்தம். வரலைன்னா, 'இப்ப வேண்டாம்'னு அர்த்தம். அவ்வளவுதான் சேதி."

"மூணும் அவன்கிட்டயே இருந்தா?"

"நீ அனுப்பக் கூடாது."

"அதுக்கு? மெஷின் சும்மா நிக்கணுமா?"

"நிக்கட்டும்மா. மாமா போயிட்டா எல்லாமேதான் நிக்கும்."

அம்மா நடு மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடுபண்ணிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார். ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டார்.

"சரி. இன்னைக்கு ஒருநாள் பாப்போம்," என்றார்.

பொத்தான் சிவப்புப் பொத்தானை ஒரு நூலில் கோத்து அப்பாவிடம் கொடுத்தாள். அவசரத் துணி வந்தால் அதோடு அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். அம்மா அதைக் கூடையின் கைப்பிடியில் மாட்டுவார். மாமா அதை மஞ்சள் கூடைக்கு மாற்றுவார். துணியோடு சுற்றி அது அப்பாவிடமே திரும்பிவிடும்.

அன்று மேசைமேல் கிடந்த பழைய மலையை முதலில் எல்லோருமாகச் சேர்ந்து காலி பண்ணினார்கள். அடியில் மாமாவின் தொலைந்துபோன சீப்பும், ஜோடியில்லாத ஒரு சாக்ஸும், பொத்தானின் போன வருஷத்து அழிரப்பரும் கிடைத்தன. மேசைவிரிப்பு பச்சை நிறம் என்பதே பொத்தானுக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு கூடைகள் நடக்க ஆரம்பித்தன.

மூன்று நீலக் கூடைகளும் மாமாவிடம் போய்ச்சேர்ந்தன. அம்மா கைகட்டி நின்றார். அவருக்குச் சும்மா நின்று பழக்கமே இல்லை. மெஷினைத் துடைத்தார். துடைத்த மெஷினையே மறுபடி துடைத்தார். மெதுவாக அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தரை துடைக்கிற வாளியை எடுத்து அதில் துணியை அடுக்க ஆரம்பித்தார்.

"அம்மா," என்றாள் பொத்தான். "அது வாளி."

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராக மாமாவின் மேசைக்கு வந்து, ஒரு படுக்கை விரிப்பை எடுத்து உதறினார். மாமா இந்த முனையைப் பிடிக்க, அம்மா அந்த முனையைப் பிடிக்க, இருவரும் இழுத்துச் சுருக்கம் நீக்கினார்கள். முதல் கூடை காலியானதும் மாமா காலால் ஒரு தள்ளு தள்ளினார். அது வழவழப்பான தரையில் சறுக்கிக்கொண்டு மெஷின் பக்கம் போய் நின்றது. அம்மா அதன் பின்னாலேயே போனார்.

அப்பா ஒருமுறை பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். "அந்தப் பள்ளிக்கூடச் சீருடை" என்று ஆரம்பித்தவர், சிவப்புப் பொத்தான் தொங்குகிற மஞ்சள் கூடை தன் பக்கம் சறுக்கி வருவதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு மடிக்க ஆரம்பித்தார்.

மதியம் மீசைக்காரத் தீயணைப்பு வீரர் வந்தார். மாமா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தானே அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் விரித்துக் காட்டினார்.

"தப்பு என்னோடதுதான் சார். கவனம் சிதறிடுச்சு."

"இல்லீங்க," என்று குறுக்கிட்டார் அப்பா. "தப்பு எங்க எல்லாரோடதும்தான். அவனை ஒரு நிமிஷம் வேலை செய்ய விடாம நாங்கதான் ஆளாளுக்குக் கூப்பிட்டுட்டே இருந்தோம். இதுல மட்டும் இல்ல, ரொம்ப நாளாவே அப்படித்தான் பண்ணிட்டு இருக்கோம்."

மாமா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா நூல்கண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீசைக்காரர் தழும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், மீசை குலுங்கக் குலுங்க.

"இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு எத்தனை தீயை அணைச்சிருக்கேன் தெரியுமா? ஒரு இடத்துலகூடக் கருகினதில்ல. கடைசில உங்ககிட்டக் குடுத்துக் கருகிடுச்சு பாருங்க. விடுங்க, மேல கோட்டு போட்டா தெரியாது. எங்க ஆளுங்ககிட்டச் சொல்லிச் சிரிக்க ஒரு கதையாச்சு."

அவர் போனபிறகு மாமா மேசைக்குத் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்து, மெஷின் சத்தத்துக்கு நடுவே மெல்லிசாக ஒரு பாட்டுக் கேட்டது. பொத்தான், ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கினால் ஊசியில் நூல் கோக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்ததுதான்.

ஆனாலும் மாமா போகவில்லை என்று சொல்லவில்லையே. மாடியில் அவருடைய பெட்டி கட்டிவைத்தபடியே இருந்தது. அதைக் காலையில் பார்த்திருந்தாள். கேட்கலாமா என்று வாய்வரை வந்தது. இன்றைக்கும் ஆளாளுக்குக் கேட்டால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் கடைசிச் சட்டையும் போய்ச்சேர்ந்தது. அம்மா மெஷின்களை நிறுத்தினார். அப்பா பாதிக் கதவை இறக்கினார். அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தான். மாமா இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றி வைத்தார். பச்சை விரிப்பைக் கையால் நீவி விட்டார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்காத மாதிரி.

மாமா மேசைக்கு அடியில் இருந்த நீலக் கூடையை இழுத்தார். அது காலியாக இருந்தது. காலால் ஒரு தள்ளு தள்ளினார்.

கூடை சறுக்கிக்கொண்டே போய் அம்மாவின் காலடியில் நின்றது.

"கடைதான் மூடியாச்சே," என்றார் அம்மா. அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. "இப்ப எதுக்குடா காலிக் கூடை?"

"திங்கள்கிழமைக்குக்கா," என்றார் மாமா.

அன்று முழுக்க யாருமே கத்தாத அந்தக் கடையில், பொழுது சாய்ந்தபிறகு ஒரே ஒரு கத்தல் தெருமுனைவரை கேட்டது. எதிர்வீட்டுப் பொடியன்கூட என்னவோ ஏதோ என்று ஓடிவந்து எட்டிப் பார்த்தான். கத்தினது பொத்தான்தான்.